பிடுங்கிப் பார்ப்பவர்

உலகத்தில் விதை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், விளைந்ததைச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுகிறவர்கள் எக்கச்சக்கமாக இருக்கிறார்கள். இந்த மூன்று கூட்டத்திலும் அடங்காமல், மூன்றிலும் மூக்கை நுழைத்துக்கொண்டு இன்னொரு இனம் உலாவுகிறது. விதை போட்ட மறுநாளே மண்ணைக் கிளறி, "என்னப்பா, ஏதாவது வர்ற மாதிரி இருக்கா?" என்று விதையிடமே விசாரிக்கிற இனம் அது. பிடுங்கிப் பார்ப்பவர் என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். வேறு நல்ல பெயர் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

ஆளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவருக்குக் கொம்பு கிடையாது. நம்மைப் போலத்தான் சட்டை போடுவார், நம்மைப் போலத்தான் தும்முவார். முகத்தை விட்டுவிட்டுக் கையைக் கவனியுங்கள். அந்தக் கை சும்மா இருக்காது. ஓடுகிற மின்விசிறியை நிறுத்தி ஏன் ஓடுகிறது என்று பார்க்கும். ஒட்டிவைத்த பொருளைப் பசை காய்வதற்குள் ஆட்டிப் பார்க்கும். பார்த்தபின் மறுபடி இருந்த இடத்திலேயே வைத்து, ஒன்றும் நடக்காதது போல் இரண்டு தட்டு தட்டும்.

இவரை நிம்மதியாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டுமானால் பங்குப் பண்ணைக்குத்தான் போக வேண்டும். அது என்ன பங்குப் பண்ணை என்கிறீர்களா? ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பண்ணையம்மா. நகரத்துக் குடும்பங்கள் சில பருவத் தொடக்கத்திலேயே ஆளுக்கொரு பங்கு கட்டிவிடும். அதற்குப் பதிலாக வாரா வாரம் புதன்கிழமை ஒரு கூடை காய்கறி. கூடையில் என்ன வரும் என்று நீங்கள் கேட்கக்கூடாது, நிலத்துக்கே அது முன்கூட்டித் தெரியாது. முட்டைக்கோஸ் விளைந்தால் முட்டைக்கோஸ். மறுவாரமும் முட்டைக்கோஸ் விளைந்தால்? அதுவேதான். இது போக, ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குதாரர்கள் வந்து களை எடுக்கவேண்டும், பாத்தி கட்டவேண்டும். குடும்பத்துக்கு ஒரு வரிசை ஒதுக்கி, அதன் தலைமாட்டில் அந்தக் குடும்பத்தின் பெயர் எழுதிய ஒரு சின்னப் பலகையையும் நட்டுவைப்பார் பண்ணையம்மா. வரிசையை விளைய வைப்பது அந்தக் குடும்பத்தின் பொறுப்பு.

நம்மவர் அங்கே போன வருடம் சேர்ந்தார். தொழில் லிஃப்ட் பரிசோதனை. உயரமான கட்டடங்களுக்குப் போய், லிஃப்ட்டை மேலே ஏற்றி, கீழே இறக்கி, கதவைத் திறந்து, கதவை மூடி, நடுவழியில் நிறுத்தி, மறுபடி கிளப்பி, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுகிற உத்தியோகம். எதையும் இரண்டு தடவை ஏற்றி இறக்காமல் நம்பக்கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. லிஃப்ட்டுக்கு அது நல்லதுதான். காரட்டுக்கு?

ஆமாம், அவருக்குக் கிடைத்தது காரட் வரிசை. அதுவும் விதியா, விளையாட்டா தெரியவில்லை. தக்காளி கொடுத்திருந்தால் செடியில் தொங்குவதைக் கண்ணால் பார்த்துத் திருப்தி அடைந்திருப்பார். பூமிக்குள் ஒளிந்துகொண்டு, வெளியே தழையை மட்டும் ஆட்டிக்காட்டுகிற காயைக் கொண்டுபோய் இவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்?

அதற்கு முன்னால் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கூடை வர ஆரம்பித்த நாளிலிருந்து அவர் மனைவிக்கு அடுக்களை ஒரு பரீட்சைக் கூடமாகிவிட்டது. ஒரு வாரம் கட்டுக் கட்டாகக் கீரை. மறுவாரம் முள்ளங்கி, அதன் பின்னால் இன்னும் கொஞ்சம் முள்ளங்கி. பிறகு பீட்ரூட் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. அந்த அம்மாள் வதக்கினார், வேகவைத்தார், சுட்டார், அரைத்தார், துருவி மாவில் பிசைந்தார், கடைசியில் கேக்கில்கூடப் போட்டார். வீட்டில் எல்லோருடைய நாக்கும் கடுஞ்சிவப்பாகி, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னமோ வியாதி என்று பயந்தார்கள். இதற்கு நடுவில் நம்மவரின் மேற்பார்வை வேறு. அடுப்பில் சூப் கொதித்தால் மூடியைத் திறப்பார், ஓவனில் பீட்ரூட் வெந்தால் ஓவனைத் திறப்பார், முள்கரண்டியால் குத்துவார், மூடுவார், திரும்பி வந்து இன்னொரு குத்து.

"என்னங்க, அது வெந்துக்கிட்டுதானே இருக்கு? நீங்க இப்படித் திறந்து திறந்து மூடினா இருக்கிற சூடெல்லாம் போயிடாதா?"

"இல்லம்மா, ஒரே ஒரு தடவை. வெந்துடுச்சான்னு பார்த்துட்டு..."

"இப்பத்தான் பார்த்தீங்க!"

"அது அப்போ."

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில், தொடர்ச்சியாக வந்த முட்டைக்கோஸ் ஒன்றைக் கையில் பந்து மாதிரி ஏந்திக்கொண்டு அந்த அம்மாள் ஒருநாள் நடுக்கூடத்தில் வந்து நின்றார்.

"இதோ பாருங்க. கூடை என்ன சொல்லுதோ அதைத்தான் நான் சமைக்கணும்னா, இந்த வீட்டுல நான் எதுக்கு? கூடையே சமைச்சுட்டுப் போகட்டும். அடுத்த வருஷம் பங்கு வேண்டாம்."

நம்மவர் பதறிப்போனார். ஏனென்றால், கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பண்ணைமேல் அவருக்கு உண்மையிலேயே உயிர். வாரம் முழுக்க மூடிய பெட்டிக்குள் நின்று மேலும் கீழும் போய்வருகிற மனிதர். ஞாயிறு காலையில் வானத்துக்கு அடியில், கால் முழுக்கச் சேறோடு நிற்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் நமக்கே சந்தோஷமாக இருக்கும். அது போய்விட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை.

"நம்ம காரட் வரட்டும்மா, அப்புறம் முடிவு பண்ணலாம்," என்று கெஞ்சினார்.

அம்மாள் யோசித்தார். "சரி. அறுவடை அன்னிக்கு நம்ம வரிசையிலேருந்து ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காரட் வரட்டும். வந்தா அடுத்த வருஷமும் சேருவோம். வரலேன்னா கடைக்குப் போய் எனக்குப் பிடிச்சதை வாங்கிக்குவேன். பேச்சு மாறக்கூடாது."

பார்த்தீர்களா, எவ்வளவு சுலபமான நிபந்தனை! ஒரு வேளைச் சாப்பாடு. வரிசை நீளமோ நல்ல நீளம். மண்ணோ பொலபொலவென்று இருக்கிறது. மழையும் வேளைக்கு வந்தது. அவர் செய்யவேண்டியதெல்லாம் ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான்.

அது அவரால் முடியுமா?

முதல் காரட்டைப் பிடுங்கியது தழை விரல் நீளம்கூட வளராதபோது. சுற்றுமுற்றும் பார்த்தார், குனிந்தார், இழுத்தார். ஒரு வெள்ளை நூல் வந்தது. "பரவாயில்ல, வேர் பிடிச்சிருக்கு," என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, கட்டைவிரலால் ஒரு குழி போட்டு, நூலை அதில் இறக்கி, மண்ணை அமுக்கி, தண்ணீர் ஊற்றி, இரண்டு தட்டு தட்டினார். வேரைத்தான் பிடுங்கிவிட்டோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அடுத்த வாரம் அதற்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தார். ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பார்க்காமல் விடுவது ஓரவஞ்சனை அல்லவா?

பண்ணையம்மா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

"சார்! விட்டுடுங்க சார். அது தானா வரும்."

"விட்டுட்டேன் மேடம்! சும்மா, எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"அது பதில் சொல்லாது. நீங்க அந்தப் பக்கம் போய்க் களை எடுங்க."

போய்க் களை எடுத்தார். தன் வரிசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே எடுத்ததில், பாதிக் களையை நட்டுவிட்டும் வந்தார்.

பிறகு விருந்தாளிகளை அழைத்துவரத் தொடங்கினார். பிடுங்கிப் பார்ப்பவரின் வளர்ச்சியில் இது முக்கியமான கட்டம். தனியாகப் பிடுங்கினால் அது சந்தேகம், பத்துப் பேர் முன்னால் பிடுங்கினால் அது செயல்முறை விளக்கம்! அலுவலக நண்பர் வந்தார், அவருக்கு ஒன்று. தையல்காரர் வந்தார், அவருக்கு ஒன்று. மாடிவீட்டுத் தம்பதி வந்தபோது, கணவருக்கு ஒன்று காட்டிவிட்டு மனைவிக்குக் காட்டாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று தனியாக இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பிரசங்கம் வேறு: "கடையில வர்ற காரட்டைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு இது புரியாது. இதுதான் பருவத்தோட சேர்ந்து வளர்றது. அவசரமே கிடையாது. பொறுமை வேணும் சார், பொறுமை!" என்று பொறுமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே பிடுங்குவார்.

மனைவியின் தம்பி வந்தபோது மட்டும் பிரசங்கம் எடுபடவில்லை. அவன் சின்னப் பயல், வாய்த்துடுக்கு அதிகம். அத்தானாவது கித்தானாவது என்று பார்க்க மாட்டான்.

"என்னத்தான் இது, காரட்டா? இல்ல காரட்டோட நிழலா?"

"டேய், இது பிஞ்சுடா. இன்னும் பாரு, எப்படிப் பெருக்கப்போகுதுன்னு."

"இதுக்குத் தாடி முளைச்சிருக்கே? பெருக்கறதுக்கு முன்னாடியே வயசாயிடுச்சு போலிருக்கு."

உண்மைதான். பிடுங்கி நட்ட காரட்டுக்குக் கீழே போகிற வழி தெரியாது. நுனி ஒடிந்துபோய், நாலாப்பக்கமும் சல்லி வேர் விட்டுக்கொண்டு, காலைப் பரப்பி உட்கார்ந்துவிடும். நம்மவர் அதையும் விடாமல், "அத்தனை வேர் இருந்தா எத்தனை சத்து உறிஞ்சும், யோசிச்சுப் பாரு" என்று அவன் வாயை அடைத்தார்.

இவருக்குப் பக்கத்து வரிசைக்காரர் ஒரு பல் டாக்டர். பங்கு கட்டினார், பலகை நட்டார்கள், அத்தோடு சரி. அதற்கப்புறம் அந்த மனிதர் பண்ணைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. புதன்கிழமைக் கூடையை வாங்கக்கூட வேலையாளைத்தான் அனுப்புவார். நம்மவருக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். "இப்படிப்பட்ட ஆளுக்கெல்லாம் எதுக்கு மேடம் வரிசை? காரட் ஏங்கிப் போயிடாது?" என்று பண்ணையம்மாவிடம் முறையிட்டார். பரிதாபப்பட்டு டாக்டரின் வரிசையிலும் ஒன்றைப் பிடுங்கிப் பார்க்கலாம் என்று குனிந்தவரை, நல்லவேளையாக, பண்ணையம்மா தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டார்.

அறுவடை ஞாயிறு வந்தது.

எல்லாக் குடும்பங்களும் வந்திருந்தன. கொட்டகையில் பெரிய பாத்திரங்களில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவரவர் வரிசையில் விளைந்ததை அங்கேயே கழுவி, நறுக்கி, சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அந்தப் பண்ணையின் வழக்கம். நம்மவர் புதுச் சட்டையில் வந்தார். மனைவி ஒரு வெறும் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். தம்பிக்காரனும் வந்திருந்தான், அவன் வராமல் இருப்பானா?

முதலில் பல் டாக்டர். அன்றைக்குத்தான் முதல்முறையாக வந்தவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இதுல எதும்மா என் வரிசை?" என்று பண்ணையம்மாவிடம் வழி கேட்டார். காட்டினார்கள். குனிந்து, தழையைப் பிடித்து, தொழில் பழக்கத்தில் இடது வலதாக ஓர் அசைப்பு அசைத்து இழுத்தார். வந்தது பாருங்கள் ஒரு காரட்! அதை மேளம் அடிக்கிற கோலாக உபயோகிக்கலாம். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"எப்படி சார் வளர்த்தீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் எங்கே வளர்த்தேன்? வாரம் முழுக்கப் பிடுங்கறதுதான் என் தொழில். ஞாயித்துக்கிழமையும் வந்து பிடுங்கணுமான்னு வீட்லேயே படுத்துட்டேன்."

நம்மவர் அதைக் காதில் வாங்காதது போல் தன் வரிசையின் வாசற்பக்கக் கோடியில் உட்கார்ந்தார். இழுத்தார். இரண்டு காலும் ஒரு வாலுமாக ஒன்று வந்தது. அடுத்து ஒன்று, முடிச்சு விழுந்த கயிறு போல. அடுத்தது தழையோடு தழையாக, கீழே ஒன்றுமே இல்லாமல். மனைவியின் கூடை வெறும் கூடையாகவே இருந்தது. நம்மவர் அசடு வழிந்தார். "இந்தக் கோடியில கொஞ்சம் அப்படித்தாம்மா. விருந்தாளிங்களுக்கு இங்கேயிருந்துதான் எடுத்துக் காட்டுவேன். அந்தக் கோடியை நான் தொட்டதே இல்ல. குழாய்ப் பக்கம் வா, அங்கே பாரு நம்ம விளைச்சலை!"

குழாய்ப் பக்கம் போனார்கள். இழுத்தார். அங்கேயும் இரண்டு காலும் ஒரு வாலும்.

நம்மவர் பேயறைந்தது போல் நின்றார். இது எப்படி? இந்தக் கோடியில் அவர் கை படவே இல்லை. சத்தியமாகப் படவில்லை. பண்ணையம்மாவைக் கூப்பிட்டார். "மேடம், இது எலி வேலை. இல்லேன்னா முயல்!"

பண்ணையம்மா வந்து குனிந்து பார்த்தார். மண்ணைத் தடவினார்.

"முயல் பிடுங்கினா தின்னுட்டுப் போகும் சார். திரும்ப நட்டு, சுத்தி மண்ணை அமுக்கி, தண்ணி ஊத்தி, தட்டிக் கொடுத்துட்டுப் போகாது."

"அப்போ யாரு?" என்று கேட்டபடி நம்மவர் பல் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் இரண்டு கையையும் தூக்கினார். மைத்துனனைப் பார்த்தார். அவன் தன் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவோ வானத்தில் மேகம் எதையோ வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா..." என்றான் தம்பி, இழுத்து.

"என்னடா அக்கா? புதன்கிழமை கூடை வாங்க வர்றப்போ... சும்மா... ஒண்ணே ஒண்ணு..."

"ஒண்ணா?" என்றார் பண்ணையம்மா, வரிசையைப் பார்த்தபடி.

"வாரம் ஒரு பிடி," என்றார் அந்த அம்மாள், தரையைப் பார்த்தபடி.

நம்மவர் கையிலிருந்த காரட்டைக் கீழே போட்டார். "ஏம்மா, நான் தோத்துப்போகணும்னா இப்படிப் பண்ணினே? அவ்வளவு வெறுப்பா இந்தப் பண்ணை மேல?"

"தோக்கணும்னு இல்லைங்க." அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஜெயிக்கணும்னுதான். கோபத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். சொன்ன நாள்லேருந்து எனக்குத்தான் பயம். காரட் சரியா வரலேன்னா நீங்க ஞாயித்துக்கிழமை எங்கே போவீங்க, வீட்ல உட்கார்ந்து என்னத்தைத் திறந்து திறந்து பார்ப்பீங்க? அதான் வருதான்னு பார்த்தேன். வரவே மாட்டேங்குதேன்னு மறுபடி பார்த்தேன்."

கொட்டகையே சிரித்தது. நம்மவரும் சிரித்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. இவர் ஒரு கோடியிலிருந்தும் மனைவி மறு கோடியிலிருந்தும் பிடுங்கிக்கொண்டே வந்ததில், இரண்டு கையும் எட்டாமல் நடுவில் கொஞ்சம் இடம் தப்பித்திருந்தது. அதில் மட்டும் காரட் காரட்டாக இருந்தது. ஒரு கை நிறைய. அம்மாள் அதைக் கழுவி, பொடிப்பொடியாக நறுக்கி, எப்போதும் போல் தட்டாமல் பண்ணையில் விளைந்திருந்த முட்டைக்கோஸோடு சேர்த்து வதக்கினார். தட்டில் காரட்டைக் கண்ணாடி போட்டுத் தேடவேண்டியிருந்தது. ஆனால் அந்த அம்மாள் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாக, "ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்துடுச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். நம்மவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவ்வளவு ருசியான முட்டைக்கோஸை வாழ்நாளில் சாப்பிட்டதில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வருடத்துக்கும் பங்கு கட்டியாகிவிட்டது. வரிசை ஒதுக்கும்போது பண்ணையம்மா தம்பதியைக் கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பூசணி" என்றாராம். "ஏன் மேடம்?" என்று கேட்டதற்கு, "தரைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், பார்த்துக்கிட்டே இருக்கலாம். பார்த்துட்டுத் தூக்கிப் பார்க்கணும்னு தோணிச்சுன்னா, முதுகு பிடிச்சுக்கும், நிறுத்திடுவீங்க" என்று பதில் வந்ததாம்.

சரி, நீங்கள் ஏன் இவ்வளவு நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள்? பண்ணை கிடையாது, வரிசை கிடையாது, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றா? கிளம்பின பார்சல் எங்கே வருகிறது என்று மணிக்கொரு தரம் போனில் பார்த்தவர் யார்? தூங்குகிற குழந்தை தூங்குகிறதா என்று எழுப்பிப் பார்த்தவர்? ரயிலேறிய மகளை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூப்பிட்டு "எங்கேம்மா வந்துட்டிருக்கே?" என்று கேட்டவர்? ஆறிக்கொண்டிருக்கிற காயத்தின் பொருக்கை நகத்தால் நெம்பி, "ஆறிடுச்சா?" என்றவர்? நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. குறை சொல்லவும் இல்லை. பாசம் இல்லாத இடத்தில் யாரும் குனிந்து பிடுங்குவதில்லை, பல் டாக்டரைத் தவிர.

"சேச்சே, நான் அந்த ரகம் இல்லை" என்கிறீர்களா? சந்தோஷம். அப்படியானால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்த அம்மாள் போட்ட நிபந்தனையைப் படித்தீர்களே, அந்த இடத்தில், "காரட் வந்ததா, இல்லையா?" என்று இந்தக் கடைசிப் பக்கத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது யார்?